இரண்டு விரல் இடைவெளி

ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். உன் நலத்தையும், தனியாக உன் வலது தோளின் நலத்தையும் அறிய விரும்புகிறேன். புதிய மருத்துவமனையின் அறுவை அரங்கை ஒழுங்குபடுத்த ஓராண்டு போதும் என்று, மூத்த செவிலியான உன்னை அனுப்பியவர்கள், அந்தத் தோள் ஓராண்டு தாங்குமா என்று கேட்கவில்லை. நான் கேட்கிறேன். மகள் கல்லூரி விடுதிக்குத் திரும்பிவிட்டாள். கீழ்வீட்டில் உன் அண்ணன் ரேடியோவோடு சுகமாக இருக்கிறார்.

இனி, ரயில் நிலையத்தில் நீ சொன்னது பற்றி. தண்ணீர்ப் புட்டியை ஜன்னல் வழியாக நான் நீட்டியபோது, மற்றவர்கள் காதில் விழாதபடி, “ஒரு நாள் என் ரெண்டு கையையும் கட்டிப் போடுங்களேன். நான் சும்மா இருந்து பாக்கணும்” என்றாய். நான் மறுமொழி சொல்லுமுன் ரயில் நகர்ந்துவிட்டது. நீ அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தே சொன்னாய் என்று கருதுகிறேன்.

இது வேடிக்கையா, விருப்பமா என்பதை முதலில் தெரிவிக்கவும். விருப்பம் என்றால் எதற்காக என்பதையும் எழுதவும். கோபத்தில் கேட்கவில்லை. துறைமுகத்தில் ஒரு கயிறு எந்த வேலைக்கு என்று தெரியாமல் அதன் தகுதியை என்னால் சொல்ல முடியாது. அந்தப் பழக்கத்தில்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கணவன்


ஜனவரி 18

என் ஆய்வாளருக்கு,

நல்லா இருக்கேன். தோளும் நல்லா இருக்கு, ஆனா மேல தூக்கினா முனகுது. நீங்க வேளைக்குச் சாப்பிடுறீங்களா? நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன், இலக்கணம் பாக்காதீங்க.

விருப்பம்தான். வேடிக்கை இல்ல.

காலையில அரங்குக்குள்ள போனதிலேருந்து இந்தக் கை யாருக்காவது எதையாவது எடுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கு. அறைக்கு வந்தாலும் சும்மா இருக்காது. துணி மடிக்கும், மேசை துடைக்கும், தூக்கத்துல போர்வையை நாலா மடிக்கும். எந்த மனுஷி தூங்கிக்கிட்டே மடிப்பா? இந்தக் கையை ஒரு மணி நேரம் யாராவது வாங்கி வச்சுக்கிட்டாத் தேவலைன்னு பல வருஷமா நெனைக்கிறேன். வலிக்க வேண்டாம், தண்டனை வேண்டாம், அடி கிடி ஒண்ணும் வேண்டாம். உங்க பக்கத்துல, நான் எதுவும் செய்ய முடியாம, நீங்க பாத்துக்கிறீங்கன்னு இருக்கணும். அவ்வளவுதான். அது அந்தரங்கமாவும் இருக்கணும், அதையும் சொல்லிடுறேன். வெக்கப்பட்டு எழுத எனக்கு வயசு இல்ல.

போன்ல இதைப் பேச முடியாது. இந்தக் குடியிருப்புல சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருமினா இந்தப் பக்கத்துலேருந்து மருந்து குடுக்கலாம். அதனால கடிதத்துல என்ன வேணும்னாலும் கேளுங்க. ஆனா ஒரு நிபந்தனை. ஆமாவா இல்லையாங்கிறதை மட்டும் எழுத்துல சொல்லக் கூடாது. மே மாசம் லீவுல வரும்போது என் முகத்தைப் பாத்து, வாயால சொல்லணும். இருபத்து மூணு வருஷத்துல நீங்க எனக்கு இது வேணும், இது வேண்டாம்னு வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல. இல்லன்னு சொன்னாலும் சரி, நான் சண்டை போட மாட்டேன். ஆனா சொல்லணும்.

புதுசா எதுவும் வாங்க வேண்டாம். அலமாரியில என் நீலப் பட்டு ஸ்கார்ஃப் இருக்கு, அது போதும்.

அண்ணனை ரேடியோவைக் குறைக்கச் சொல்லுங்க.

உங்க வாயாடி


பிப்ரவரி 3

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். வேளைக்கு உண்கிறேன். தோள் முனகுவதாக எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கீழே காண்பாய்.

உன் நிபந்தனையை ஏற்கிறேன். ஆகவே இக்கடிதம் சம்மதமும் அன்று, மறுப்பும் அன்று. செய்வதாக இருந்தால் எப்படி என்பது மட்டுமே. இது பற்றிய நூல்கள் நூலகத்தில் இல்லாததால் இணையத்தில் படித்தேன். அலுவலகக் கணினியில் அல்ல.

பட்டு ஸ்கார்ஃபை நிராகரிக்கிறேன். மென்மையான துணி பாதுகாப்பானது என்று எண்ணுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. இழுக்க இழுக்க முடிச்சு இறுகும், துணி சுருண்டு கயிறாகும், அவசரத்தில் அவிழாது. மெல்லிய கயிறும், மின்கம்பிகளைக் கட்டும் பிளாஸ்டிக் இழுப்புப் பட்டையும் அவ்வாறே. சாவி போட்டுப் பூட்டும் உலோக விலங்கை வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன்; குறுகிய விளிம்பு எலும்பின் மேல் அழுத்தும், சாவி தொலையும். ஏற்கத்தக்கது, மூன்று விரல் அகலத்துக்குக் குறையாத, உட்புறம் மெத்தென்ற துணி வைத்த கைப்பட்டை. பக்கிள் வைத்தது அல்லது ஒட்டிப் பிரிக்கும் வகை. புதியவர்களுக்கு ஒட்டும் வகையே மேல் என்று படித்தேன். ஒரே இழுப்பில் பிரிந்துவிடும். ஆனால் உறுதியாகக் கட்டுண்டிருக்கும் உணர்வு பக்கிளில்தான் கிடைக்கும் என்கிறார்கள். உனக்கு எது என்று நீயே எழுது.

பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். உடலின் எடை ஒருபோதும் மணிக்கட்டில் இறங்கக் கூடாது. கைகள் முன்புறமாக, வயிற்றருகே இருக்கும். உன் தோளை முன்னிட்டு, தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் கிடையாது. கழுத்தில் எதுவும் படக் கூடாது, இதில் விவாதம் இல்லை. மது அருந்திய நாளில் கூடாது. கட்டப்பட்டவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது, தண்ணீர் எடுக்கக்கூட. வெட்டுவதற்கான கருவி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முதல் முறை, மிகக் குறைந்த நேரம்.

எங்கள் துறையில், உயரத்தில் ஏறுபவருக்கான பாதுகாப்புப் பட்டையை மற்றொருவர் உடலில் மாட்டுமுன் ஆய்வாளர் தன் உடலில் மாட்டிப் பார்க்க வேண்டும். அதையே இங்கும் கடைப்பிடிப்பேன். ஸ்கார்ஃப் பற்றி நீ என்னை நம்பமாட்டாய் என்று தெரியும். சோதனை முடிவு அடுத்த கடிதத்தில்.

தோளுக்குச் சூடு ஒத்தடம் கொடுக்கவும்.

இப்படிக்கு,
உன் கணவன்


பிப்ரவரி 13

என் ஆய்வாளருக்கு,

நலம்தான். ஒத்தடமும் குடுத்தாச்சு. நீங்க எப்படி?

நான் கட்டச் சொன்னது ரெண்டு கையை. நீங்க எழுதினதைப் படிச்சா கப்பல்லேருந்து என்னை இறக்கப் போற மாதிரி இருக்கு. சிரிச்சுக்கிட்டே படிச்சேன், அப்புறம் இன்னொரு தடவை சிரிக்காமப் படிச்சேன். தோள் விஷயத்தை எழுதின இடத்துல கொஞ்ச நேரம் நிறுத்திட்டேன்.

பக்கிள் வச்சதே வேணும். பிரிச்சுக்கிட்டு வந்துடலாம்னு இருந்தா என் கை சும்மா இருக்காது.

நீங்க விட்டதை நான் சேக்கிறேன். கட்டியிருக்கும்போது அடிக்கடி விரலைத் தொட்டுப் பாக்கணும். ஜில்லுன்னு இருந்தாலோ, நிறம் மாறினாலோ, எறும்பு ஊறுற மாதிரி இருந்தாலோ, மரத்தாலோ உடனே அவுக்கணும். ‘இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்’னு நானே கெஞ்சினாலும் கேக்கக் கூடாது. நரம்பு அழுந்தினா பல நேரம் வலிக்காது, அதுதான் வம்பு; மரத்துப் போறதுதான் முதல் செய்தி. கட்டுத் துணி வெட்டுற, நுனி மழுங்கின கத்தரிக்கோல் ஒண்ணு மருந்துக் கடையில வாங்கி வைங்க. தோலைக் குத்தாது.

நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை வேணும். ‘போதும்’, ‘வேண்டாம்’ எல்லாம் கொஞ்சும்போதும் வந்துடும். அதனால ‘மின்கட்டணம்’. அதைக் கேட்டா எந்த மனுஷனுக்கும் ஆசை அத்துப் போகும். வாயில வார்த்தை வராம போனா? கையில சாவிக்கொத்தைப் பிடிச்சுப்பேன், கீழ விட்டா நிறுத்தணும்.

இன்னொண்ணு. இங்க குளிர்ல பல்லு கிட்டிக்குது. நிராகரிச்ச ஸ்கார்ஃபை எனக்கு அனுப்பிடுங்க, கழுத்துக்காவது ஆகட்டும்.

உங்க வாயாடி


மார்ச் 16

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். தாமதத்துக்கு வருந்துகிறேன், துறைமுகத்தில் ஆண்டு ஆய்வு.

பக்கிள் வைத்த கைப்பட்டைகள் வந்துள்ளன. தையலும் பக்கிளும் தரமானவை. கத்தரிக்கோலும் வாங்கியாயிற்று. நீ சொன்ன சொல்லை ஏற்கிறேன், சாவிக்கொத்தையும்.

குளிருக்கு ஒரு கம்பளிக் கழுத்துத் துணி இத்துடன் அனுப்பியுள்ளேன். பழுப்பு நிறம். பட்டுத் துணியைவிடக் கம்பளியே குளிருக்கு ஏற்றது.

தோள் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உன் கணவன்


மார்ச் 24

என் ஆய்வாளருக்கு,

தோள் இருக்கு. நானும் இருக்கேன். கம்பளி வந்தது, கதகதன்னு இருக்கு. கழுத்துல போட்டதும் அரங்குல ஒரு பொண்ணு, “அக்கா, யாரோ உங்களுக்கு மூட்டை கட்டி அனுப்பின மாதிரி இருக்கு”ன்னா.

என் நீல ஸ்கார்ஃப் எங்க?

ஸ்கார்ஃப் சோதனையோட முடிவை அடுத்த கடிதத்துல சொல்றேன்னு எழுதினீங்க. அடுத்த கடிதத்துல பக்கிள் இருக்கு, தையல் இருக்கு, கம்பளியோட நிறம் இருக்கு. சோதனை இல்ல. பால்காரன் அரை டம்ளர் குறைச்சு ஊத்தினதைக்கூட எழுதுறவர் நீங்க. ஞாயித்துக்கிழமை அண்ணன்கிட்ட, “அவர் எப்படி இருக்கார்?”ன்னு போன்ல கேட்டேன். “நல்லாக் கட்டுக்கோப்பா இருக்கார்”னு சொல்லிட்டு, சிரிப்பை அடக்க முடியாம போனை வச்சுட்டான்.

என்ன நடந்தது? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? அதை முதல்ல எழுதுங்க.

உங்க வாயாடி


ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பட்டு இறுகும் என்பதை உனக்கு நிரூபிக்க, மேசை நாற்காலியின் கைப்பிடியோடு என் இடது மணிக்கட்டை உன் ஸ்கார்ஃபால் கட்டினேன். கட்டிய பிறகு, சுமைச் சோதனையில் செய்வது போல, பலத்தை ஏற்றி இழுத்தேன். முடிச்சு இறுகியது. நான் எழுதியது உண்மை என்று மெய்ப்பிக்கப்பட்டது. அவிழ்க்க முயன்றபோது அது மேலும் மெய்ப்பிக்கப்பட்டது.

கத்தரிக்கோல் சமையலறை இழுப்பறையில் இருந்தது. வெட்டுவதற்கான கருவி கைக்கு எட்ட வேண்டும் என்று உனக்கு எழுதியவன் நான். தனியே விடக் கூடாது என்று எழுதியவனும் நான். கட்டப்பட்டவன் நானே என்பதால் விதி எனக்கு இல்லை என்று எண்ணிவிட்டேன் போலும். நாற்காலிக்குச் சக்கரம் உண்டு என்பதால் கால்களால் உந்தி நகர்ந்தேன். அறையின் நிலைப்படியில் சக்கரம் முட்டி நின்றது. தூக்க முயன்றபோது நாற்காலியின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கியது. உடனே விட்டுவிட்டேன். செல்பேசி கூடத்தில் இருந்தது.

சற்று நேரம் கழித்து உன் அண்ணன், தன்னிடம் உள்ள சாவியால் கதவைத் திறந்துகொண்டு திருப்புளி கேட்க வந்தார்.

“என்ன மாப்பிள்ளை, நாற்காலி உங்களைப் பிடிச்சு வச்சிருக்கா, நீங்க அதைப் பிடிச்சு வச்சிருக்கீங்களா?” என்றார்.

“ஒரு சோதனை.”

“யாருக்கு?”

“துணிக்கு.”

“துணி பாஸாயிடுச்சு போலிருக்கே.”

“மச்சான், சமையலறையில இடது இழுப்பறை. கத்தரிக்கோல் எடுங்க.”

அவர் எடுத்து வந்து, குனிந்து பார்த்து, நின்றுவிட்டார்.

“இது என் தங்கச்சி துணியாச்சே. வெட்டினா என்னை வெட்டிடுவா.”

“வெட்டலைன்னா என் கை போயிடும்.”

“உங்க கையா, அவ துணியா... கொஞ்சம் யோசிக்க விடுங்க மாப்பிள்ளை.”

யோசித்துவிட்டு வெட்டினார். இதை யாரிடமும் சொல்வதில்லை என்று எனக்கு வாக்களித்தார். திருப்புளியையும் எடுத்துச் சென்றார். வாக்கு நிலைக்கவில்லை என்பது உன் கடிதத்தில் தெரிந்தது; திருப்புளி இன்னும் திரும்பி வரவில்லை.

கட்டைவிரலின் புறப்பக்கம் சில நாள்கள் மரத்திருந்தது. இப்போது சரியாகிவிட்டது. உன் ஸ்கார்ஃபைச் சேதப்படுத்தியதற்கும், உன்னிடம் மறைத்ததற்கும் வருந்துகிறேன். இத்தகைய ஆய்வாளரை நம்பி உன் கையைக் கொடுக்கலாமா என்பதை நீ மறுபடி யோசிக்க முழு உரிமை உண்டு.

இப்படிக்கு,
உன் கணவன்


ஏப்ரல் 10

என் ஆய்வாளருக்கு,

நான் நலம். உங்களைத்தான் கேக்கணும்.

சிரிச்சேன். பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டுற வரைக்கும் சிரிச்சேன். அப்புறம் பயந்துட்டேன். கட்டைவிரல் மரத்தது சின்ன விஷயம் இல்ல. மணிக்கட்டு ஓரமா தோலுக்குப் பக்கத்துலயே ஒரு நரம்பு ஓடுது, அது நசுங்கினா அப்படித்தான் ஆகும். சரியாயிடுச்சுன்னு நீங்களே முத்திரை குத்தாதீங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டு எனக்கு எழுதுங்க. ஸ்கார்ஃப் போனாப் போகுது.

உங்களை நம்பலாமான்னா, முன்னைவிட இப்ப அதிகமா நம்புறேன். விதியை மீறினா என்ன ஆகும்னு உங்களுக்கு இப்ப தெரியும். அதுவரைக்கும் எழுத்துலதான் தெரியும்.

ஆனா ஒரு விஷயம் உறுத்துது. நீங்க அங்க உக்காந்திருந்தப்ப அண்ணன் கீழ இருந்திருக்கான். ரேடியோ சத்தம் நம்ம வீட்டுக்குக் கேக்குதுன்னா, நம்ம சத்தமும் அவனுக்குக் கேக்கும். ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பான். ‘சற்று நேரம் கழித்து’ன்னு எழுதியிருக்கீங்க. உங்க கடிதத்துல இதுவரைக்கும் ‘சற்று நேரம்’ வந்ததே இல்ல. ஏன் கூப்பிடலை? வெக்கம்னு எழுதாதீங்க, நம்ப மாட்டேன்.

மே மாசம் வரேன். ஆமாவா இல்லையாங்கிறது ஞாபகம் இருக்கட்டும்.

உங்க வாயாடி


ஏப்ரல் 27

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். மருத்துவரிடம் காட்டினேன். நரம்பு மீண்டுவிட்டது என்றார். எப்படி நேர்ந்தது என்று கேட்டார். பணியிடத்துக்கு வெளியே நடந்த சோதனை என்றேன்.

நீ வரும் ரயிலின் எண்ணையும் பெட்டியையும் தெரிவிக்கவும். உன் மற்றக் கேள்விக்கு இப்போது எழுத இயலவில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்


மே 30

என் ஆய்வாளருக்கு,

நல்லபடியா வந்து சேந்தேன். நீங்க நலமா? வீடு வெறிச்சுன்னு இருக்கா?

ரயில்ல வரும்போது முழுக்க அந்த நாலு நாளைத்தான் நெனைச்சுக்கிட்டு வந்தேன். பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தப்ப பின்னாலேருந்து வந்து, என்னைத் திருப்பி, முகத்தைப் பாத்து “ஆமா”ன்னீங்க. ஏதோ கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி. என் கையெல்லாம் சோப்பு. எனக்கு அழுகை வந்துச்சு, சோப்புன்னு சொல்லிட்டேன்.

முதல் தடவை நீங்க என்னைப் படுத்தின பாடு இருக்கே. “விரல் எப்படி இருக்கு? மரக்குதா? ரெண்டு விரல் போகுதா?” நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. ஒரு கட்டத்துல எனக்கு மின்கட்டணம் ஞாபகம் வந்தது உங்க கேள்வியாலதான். ஆனா நிஜமாவே தோள் இழுத்து, நான் ‘மின்’னு வாயெடுத்ததும் பட்டை கழண்டு கீழ கிடந்துச்சு. முழுசாச் சொல்லக்கூட விடலை. ஏன், எதுக்குன்னு கேக்கலை, முகத்தைச் சுளிக்கலை. போர்வையைப் போத்திவிட்டு, தண்ணி குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்தீங்க. அப்பதான் மனசு முழுசா அடங்குச்சு.

மறுநாள் தலையணையை முட்டுக் குடுத்தப்புறம் தோள் வாயே திறக்கலை. நடந்ததை எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். கடைசியில கண்ணு செருகினதும் நீங்க சத்தமில்லாம பக்கிளைக் கழட்டினது தெரிஞ்சுது. ‘தூங்கும்போது கட்டு இருக்கக் கூடாது’ன்னு தனக்குத்தானே முணுமுணுத்தீங்க. அப்புறம் தூங்கிட்டேன். எதையும் மடிக்கலை.

இப்ப நான் பாத்ததைச் சொல்றேன். கிளம்புற அன்னைக்குக் காலையில பட்டைகளைப் பெட்டியில வச்சுக்கிட்டிருந்தீங்க. ஒண்ணை எடுத்து உங்க கையில சுத்தி, பக்கிளைப் போட்டு, ரெண்டு விரலை விட்டுப் பாத்துட்டு, அப்படியே கண்ணை மூடிக்கிட்டு நின்னீங்க. நான் கதவுகிட்ட நின்னேன். என்னைப் பாத்ததும் பதறிக் கழட்டிட்டு, “பக்கிள் சரியா இருக்கான்னு பாத்தேன்”னீங்க.

பக்கிளைப் பாக்கிறவர் கண்ணை ஏன் மூடணும்?

நான் கேட்டுட்டேன், நீங்க குடுத்துட்டீங்க. உங்களுக்கு என்ன வேணும்? ஏப்ரல்ல கேட்ட கேள்விக்கும் இன்னும் பதில் வரலை.

உங்க வாயாடி


ஜூன் 19

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உன் உடல்நலத்தையும் தோளின் நிலையையும் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன், காரணம் கீழே.

முதலில் ஏப்ரல் கேள்வி. உன் அண்ணனின் ரேடியோ எனக்குக் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பார் என்பதும் தெரியும். நான் கூப்பிடவில்லை.

துறைமுகத்தில் தொங்கும் ஒவ்வொரு கயிற்றிலும் பட்டையிலும் கொக்கியிலும் ஒரு தகடு இருக்கும். அதில் என் கையெழுத்து இருக்கும். எது அறுந்தாலும் முதலில் அந்தக் கையெழுத்தைத்தான் தேடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும், உன்னோடு உணவருந்தும்போதும், ஏதாவது ஒரு கொக்கி என் தலைக்குள் தொங்கிக்கொண்டே இருக்கும். நீ பேசுவதைப் பாதிதான் கேட்கிறேன் என்று நீ பல முறை குறை சொன்னதற்கு இதுதான் காரணம். அன்று நாற்காலி நிலைப்படியில் நின்றபின் எனக்குச் செய்ய எதுவும் மிஞ்சவில்லை. முதலில் அச்சம் வந்தது. பிறகு அச்சம் போய் ஓர் அமைதி வந்தது. வெயில் தரையில் விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். துறைமுகத்தின் ஒரு கயிறுகூட நினைவுக்கு வரவில்லை. கை மரத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் அந்த அமைதியை விட மனம் வரவில்லை. அது தவறு, ஆபத்தான தவறு. அருகில் யாரும் இல்லாமல், தவறான துணியில் அதைத் தேடியது மடமை. ஆனால் தேடியது எது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ முதன்முதலில் எழுதிய கடிதத்தில் கையை யாராவது வாங்கி வைத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தாய். அதைப் படித்தபோது எனக்குப் புரிந்ததாக எண்ணினேன். நாற்காலியில்தான் புரிந்தது.

எனக்கு என்ன வேண்டும் என்ற உன் அடுத்த கேள்விக்கு இங்கே பதில் எழுதமாட்டேன். அத்தகைய பதிலை எழுத்தில் சொல்லக் கூடாது, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது நீ வைத்த நிபந்தனை. அது எனக்கும் பொருந்தும். உனக்கு ஆமா என்று சொல்லவே எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. இது அதைவிடக் கடினம். கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். இன்று காலை ஆளில்லாத வீட்டில் அந்த வாக்கியத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி சொன்னபோது முழுதாக வந்தது.

வெள்ளிக்கிழமை முதல் விடுப்பு எடுத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தை நிரப்பாமல் கொடுத்தேன். மேலதிகாரி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன்.

நிலையத்துக்கு வர வேண்டாம். உன் அறையிலேயே இரு. கதவைத் திறந்ததும் வழக்கம்போல நீ பேச ஆரம்பித்துவிடாதே. கொஞ்சம் பொறுத்துக்கொள். முதலில் நான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
உன் கணவன்